வியாபாரத்தின் பின்வாசல்: வீண்விரயத்திலிருந்து பரக்கத்தை நோக்கி



அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமான அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! நம் கடைகளுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முன்வாசலை நாம் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம். காலையில் தண்ணீர் தெளிக்கிறோம், பெயர்ப்பலகையைத் துடைக்கிறோம், கல்லாவைத் திறக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்கிறோம். அந்த வாசல் வழியாக என்ன வந்தது, எவ்வளவுக்கு விற்றது, யார் கடன் சொன்னார் என்று ஒவ்வொன்றும் நமக்குத் தெரியும். பின்வாசலின் கதை வேறு. இரவு கடை அடைக்கும்போது பின்பக்கமாக எத்தனை கிலோ வெளியே போனது, அது எந்த வாய்க்காலில் விழுந்தது, யாருடைய கிணற்றில் இறங்கியது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பின்வாசலைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

இன்று உலகம் முழுவதும் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பேசுகிறார்கள். பெயர் பெரியதாக இருந்தாலும் கருத்து எளிது. பொருளை எடுப்பது, செய்வது, வீசுவது என்ற ஒருவழிப் பாதையை விட்டுவிட்டு, ஒருவருக்குக் கழிவானதை இன்னொருவருக்குச் சரக்காக்கி, பொருள் முடிந்தவரை சுற்றிச்சுற்றிப் பயன்படும்படி தொழிலை அமைத்துக்கொள்வது. பெரிய கம்பெனிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் டீக்கடை நடத்துபவர் இதை எப்படிக் கற்றுக்கொள்வார்? மீன் ஏலம் எடுப்பவர், தையற்கடைக்காரர், பிரியாணி மாஸ்டர், மெக்கானிக் எப்படிக் கற்றுக்கொள்வார்கள்? நம் முன் உள்ள கேள்வி இதுதான்.

செத்த ஆட்டின் தோல் சொல்லும் பாடம்

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள ஒரு சம்பவம் உங்களுக்கு நினைவிருக்கும். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துவிட்டது. அது வீசப்பட்டுக் கிடந்ததைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அது செத்த பிராணி ஆயிற்றே என்று பதில் வந்தது. அதை உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று நபியவர்கள் விளக்கினார்கள்.

இந்தச் சம்பவத்திலிருந்து மார்க்கச் சட்ட அறிஞர்கள் தோல் பதனிடுவதைப் பற்றிய சட்டங்களை எடுத்தார்கள். வியாபாரி எடுக்க வேண்டிய பாடமும் இதில் இருக்கிறது. ஒரு பொருளின் ஒரு பயன் முடிந்துவிட்டால் அதன் எல்லாப் பயன்களும் முடிந்துவிட்டதாக நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இறைச்சி போனால் தோல் இருக்கிறது. 'இது போய்விட்டது' என்று சொல்வதற்கு முன்னால் 'இதில் எது போய்விட்டது, எது மிச்சம்?' என்று கேட்கும் பழக்கத்தை நபியவர்கள் கற்றுத்தந்தார்கள். கீழே விழுந்த கவளத்தைத் துடைத்து உண்ணச் சொன்னதும், தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பதும் இதே பழக்கத்தின் அடையாளங்கள். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தை அல்லாஹ் சூரா அல்அஃராஃபின் 31-ஆவது வசனத்தில் எடுத்துச் சொல்கிறான்.

தோலைக் காப்பாற்றினோம், தண்ணீரை இழந்தோம்

சகோதரர்களே! அதே தோல் தொழிலில்தான் நமக்குக் கசப்பான பாடம் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல நாம் தயங்கக் கூடாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவது பல தலைமுறைத் தொழில். நம் சமுதாயத்தவர் பலர் அதில் முன்னோடிகள். அந்த வருமானத்தில் பள்ளிவாசல்கள் எழும்பின, மதரஸாக்களும் கல்லூரிகளும் எழும்பின. உணவுக்காக அறுக்கப்பட்ட பிராணியின் தோலை வீணாக்காமல் எடுப்பதே மறுபயன்பாடுதான். முதல் பாதி சரியாகவே இருந்தது. ஆனால் பதனிட்ட பிறகு மிஞ்சிய குரோமியத் தண்ணீரும் உப்பும் பின்வாசல் வழியாகப் பாலாற்றுப் படுகைக்குப் போயின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் பதிவான விவரங்களைக் கேளுங்கள். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கக் கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் வேரூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது யோசியுங்கள். அந்த 350 கிணறுகளில் யார் தண்ணீர் இறைத்தார்கள்? விவசாயி, கூலிக்காரர், பக்கத்துத் தெருப் பெண்கள். அவர்களில் முஸ்லிமும் உண்டு, இந்துவும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. அண்டை வீட்டாரின் ஹக் என்று எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்! கெட்ட தண்ணீருக்கு மதம் தெரியாது. அடியான்களுக்குச் செலுத்த வேண்டிய ஹக்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். ஒரு கிராமத்தின் நிலத்தடி நீரைக் கெடுத்தவர் மன்னிப்புக் கேட்க எத்தனை வீட்டுப் படி ஏறுவார்?

அந்தத் தொழில் எப்படிக் கற்றுக்கொண்டது?

தோலைப் பதனிடும்போது போடுகிற குரோமிய உப்பு முழுவதும் தோலில் ஏறுவதில்லை. வழக்கமான முறையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஏறும். மீதி, காசு கொடுத்து வாங்கிய அதே ரசாயனம், தண்ணீரோடு போய்விடும். இதை மீட்க ஒரு வழி உண்டு. மிஞ்சிய தண்ணீரைத் தனியாகப் பிடித்து, அதில் மெக்னீசியம் ஆக்சைடு கலந்தால் குரோமியம் அடியில் படியும். அந்தப் படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் பதனிட உதவும் குரோமிய உப்பு கிடைத்துவிடும். சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட முறைகளைத் தொழிற்சாலைகளுக்கு எடுத்துச் சென்றது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய இடங்களில் பல தொழிற்சாலைகள் ஒன்றுசேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன.

வழி இருந்தும் ஏன் முன்பே செய்யவில்லை? சிறு முதலாளியின் மனநிலையில் நின்று பார்த்தால் மூன்று காரணங்கள் தெரியும். முதலாவது, அறிவு ஆய்வுக்கூடத்தில் இருந்தது, தொட்டி கொட்டகையில் இருந்தது, இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. இரண்டாவது, தனியாளாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் சக்தி சிறியவருக்குக் கிடையாது. மூன்றாவதுதான் பெரியது. 'நான் மட்டும் செலவு செய்தால் என் விலை ஏறும், பக்கத்துக்காரன் என் வியாபாரத்தைப் பிடித்துக்கொள்வான்' என்ற பயம். இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் எல்லோரும் ஒரே நாளில், ஒரே விதியின்கீழ், கூட்டாகச் செய்தபோது காரியம் நகர்ந்தது.

திருப்பூரிலும் இதேதான் நடந்தது. சாயப்பட்டறைத் தண்ணீர் நொய்யலில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குத் திறந்துவிட முடியாத தண்ணீராக அது ஆனது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. எத்தனை தொழிலாளர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள்! பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு அந்தத் தொழில் மாறியது. சவ்வு வழியாக வடிகட்டித் தண்ணீரை மீட்கிறார்கள். மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பையும் மீட்டுச் சாயத்தொட்டிக்கே திருப்புகிறார்கள். ஒருகாலத்தில் முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட காரியம் இன்று அங்கே அன்றாட வேலை.

ஆனால் முழுமை வந்துவிடவில்லை. பல உப்புகள் ஒன்றாகக் கலந்து வரும் கசடு இன்றும் மூட்டை மூட்டையாகக் குவிகிறது, அதை வாங்க ஆளில்லை. பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கிருந்து ஒரு வரி பாடத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பிரித்து வைத்தால் சரக்கு, கலந்துவிட்டால் குப்பை. தனி உப்பு தொட்டிக்குத் திரும்புகிறது. கலப்பு உப்பு கொட்டகையில் கிடக்கிறது. மீன்கடைக்கும் டீக்கடைக்கும் இதே விதிதான்.

மண்டபத்தூர் கரையில் நின்று பார்த்தால்

அன்பர்களே! ஆம்பூரும் திருப்பூரும் நமக்குத் தூரம் என்று எண்ண வேண்டாம். காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடிக்குப் போகும் வழியில் மண்டபத்தூர் கடற்கரையில் நின்று பாருங்கள். காவிரியின் கிளைகள் கடலைத் தொடும் கடைமடை நம் பூமி. மேலே உள்ள ஊர்கள் வாய்க்காலில் போட்டதெல்லாம் கடைசியில் நம் கரைக்குத்தான் வருகிறது. நாம் போடுவதோ நேராகக் கடலுக்குப் போகிறது. அந்தக் கடலில்தான் மண்டபத்தூர், காளிக்குப்பம், அக்கம்பேட்டை மீனவச் சகோதரர்கள் வலை வீசுகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையில் என்ன செய்தது என்பதை நாம் மறக்கவில்லை. கடலோடு நம் வாழ்வு எவ்வளவு பின்னியிருக்கிறது என்று அன்று கண்ணால் பார்த்தோம்.

புகாரியில் வரும் கப்பல் உதாரணம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். சீட்டுப் போட்டுச் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இடம்பிடித்தார்கள். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே உள்ளவர்களைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்காமல், நம் பங்கு இடத்தில் நாமே ஓட்டை போட்டுக்கொள்ளலாமே என்று நினைத்தார்கள். அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள், கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள் என்பது நபியவர்கள் சொன்ன பாடம்.

இதில் கவனியுங்கள். கீழ்த்தட்டுக்காரர்களின் எண்ணம் கெட்டதல்ல. பிறருக்குத் தொல்லை வேண்டாம் என்றுதான் நினைத்தார்கள். நம் சிறு வியாபாரியும் கெட்டவர் அல்ல. பிள்ளைகளுக்குச் சோறு போட உழைக்கிறார். 'என் கடை, என் இடம், என் வாய்க்கால்' என்று நினைக்கிறார். எண்ணம் நல்லதாக இருந்தாலும் ஓட்டை ஓட்டைதான். கையைப் பிடிப்பவரும் குற்றம் சாட்டப் பிடிக்கவில்லை, காப்பாற்றப் பிடிக்கிறார். அதே சமயம், கீழே உள்ளவருக்குத் தண்ணீர் கிடைக்க ஒரு வழியையும் காட்ட வேண்டியது மேலே உள்ளவரின் கடமை. வழி காட்டாமல் தடை மட்டும் போட்டால் ஓட்டை இரவில் விழும்.

கற்றுக்கொள்ளும் படிகள்

*முதல் படி: ஒரு வாரக் கணக்கு.* இரவு தூங்குமுன் நம் அமல்களைக் கணக்குப் பார்ப்பதை முஹாஸபா என்கிறோம். கடைக்கும் ஒரு முஹாஸபா வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஏழு நாள், கடையிலிருந்து வெளியே வீசப்படும் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதுங்கள். காய்கறித் தோல் இவ்வளவு, மிஞ்சிய சோறு இவ்வளவு, கப் இத்தனை, பிளாஸ்டிக் இவ்வளவு. பக்கத்தில் அதை வாங்க நீங்கள் கொடுத்த விலையை எழுதுங்கள். வீசுவதும் ஒருநாள் காசு கொடுத்து வாங்கியதுதான். ஏழாம் நாள் கூட்டிப் பார்த்தால் எந்த உபதேசமும் தேவைப்படாது.

*இரண்டாம் படி: வரிசை மாறாமல் கேட்பது.* இந்தக் கழிவு உண்டாகாமலே தடுக்க முடியுமா? முடியாவிட்டால் அப்படியே திரும்பப் பயன்படுத்த முடியுமா? பழுதுபார்க்க முடியுமா? கடைசியாகத்தான், உருக்கியோ அரைத்தோ வேறு பொருளாக்க முடியுமா? பலர் கடைசிக் கேள்வியில் தொடங்கி, இயந்திரம் வாங்கி, கடனில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் கேள்விக்குச் செலவே கிடையாது.

*மூன்றாம் படி: ஒன்றை மட்டும் எடுத்து மூன்று மாதம் செய்வது.* குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று ஹதீஸில் வருகிறது. கடையிலும் அதுதான் நிலைக்கும்.

*நான்காம் படி: தொழில்காரரிடமிருந்து தொழில்காரர் கற்பது.* தையல் கற்றது புத்தகத்தைப் பார்த்தல்ல, உஸ்தாதின் பக்கத்தில் உட்கார்ந்து. இதுவும் அப்படித்தான் பரவும். ஒரு கடைக்காரர் செய்து லாபம் பார்த்ததை அடுத்த கடைக்காரர் கண்ணால் பார்க்க வேண்டும்.

நம் ஊர்த் தொழில்களுக்குச் சில வழிகள்

*டீக்கடை.* ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். நாளைக்கு 300 டீ, ஒரு பேப்பர் கப் 1 ரூபாய். மாதம் 9,000 ரூபாய் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. பேப்பர் கப் என்றாலும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு, அதனால் அது எளிதில் மக்காது. ஒரு கண்ணாடி டம்ளர் 15 ரூபாய் என்றால் 60 டம்ளருக்கு 900 ரூபாய். கழுவ ஒருவருக்கு மாதம் 5,000 கொடுத்து, உடைவதற்கும் வெந்நீருக்கும் 1,000 ஒதுக்கினாலும் மாதா மாதம் மிச்சம் இருக்கிறது. அதைவிட முக்கியம், குப்பைக்குப் போன காசு பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கூலியாகப் போகிறது. பார்சல் வாங்க வருபவர் தூக்குச்சட்டி கொண்டுவந்தால் ஒரு ரூபாய் குறைத்துக் கொடுங்கள். உங்கள் கடைக் கணக்கு வேறாக இருக்கலாம், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

*பஜ்ஜி, பிரியாணி, சமையல் தொழில்.* எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கேடான பொருள்கள் சேரும். அந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. அதே ஆண்டில், பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக மாற்றும் 'ரூகோ' திட்டத்தையும் அது தொடங்கியது. எனவே பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம், இன்னொரு சிறு கடைக்கு மலிவாக விற்கவும் வேண்டாம். தனி டின்னில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். கந்தூரி, கல்யாணச் சமையல்களில் மிஞ்சும் உணவை எப்படிப் பங்கிடுவது என்பதை அடுப்பு மூட்டும் முன்பே பேசி முடிவெடுங்கள். சட்டி காலியான பிறகு யோசித்தால் நேரம் கடந்துவிடும்.

*மீன் தொழில்.* தலை, குடல், செவுள் எல்லாம் அழுகி நாறும் வரை குப்பை, அதற்கு முன்பு உரம். மீன் கழிவையும் நாட்டுச் சர்க்கரையையும் சம எடையில் கலந்து, மூடிய வாளியில் நிழலில் மூன்று வாரம் வைத்தால் விவசாயிகள் 'மீன் அமிலம்' என்று சொல்லும் கரைசல் கிடைக்கும். நீரில் நன்றாகக் கலந்து பயிருக்குத் தெளிக்கிறார்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் மீன் கழிவிலிருந்து இறால் குளத்துக்கு உதவும் 'பிளாங்க்டன் பிளஸ்', தோட்டப் பயிருக்கு உதவும் 'ஹார்ட்டி பிளஸ்' ஆகியவற்றை உருவாக்கியிருக்கிறது. கரையில் மீனும் உள்ளே நெல்லும் உள்ள நம் காரைக்காலில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே சாலையில் இருக்கிறார்கள். நடுவில் பேசுவதற்கு ஆள்தான் வேண்டும்.

கிழிந்த நைலான் வலையைக் கடலில் விட்டால் அது ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். அதே நைலானைச் சுத்தம் செய்து நூலாகவோ குருணையாகவோ மாற்றலாம். சென்னை காசிமேட்டில் பழைய வலைகளை எடைக்கு வாங்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. நம் கரையிலும் ஊர்ப் பஞ்சாயத்தார் ஒரு கொட்டகையில் வலையைச் சேர்த்து வைத்தால், வண்டி நிறையச் சேரும்போது வாங்குபவர் தேடி வருவார். ஒருவரின் இரண்டு கிலோ வலைக்கு யாரும் வரமாட்டார்கள்.

*தையல், துணிக்கடை.* திருப்பூரில் பனியன் வெட்டுத்துணி வீணாவதில்லை. நிறம் பிரித்தது ஒரு விலை, கலந்தது ஒரு விலை. அதை மறுபடி பஞ்சாக்கி நூற்கும் மில்கள் இருக்கின்றன. மெஷின் துடைக்கும் துணியாகவும் போகிறது. நம் தையற்கடைகள் வெள்ளை ஒரு பை, கலர் ஒரு பை என்று இரண்டு சாக்கு வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

*ஒர்க்‌ஷாப்.* பழைய எஞ்சின் ஆயிலில் தண்ணீரையும் அழுக்கையும் நீக்கி மறுபடி ஆயிலாக்க முடியும். மண்ணில் ஊற்றினால் கிணறு கெடும். ஒரு டிரம், ஒரு மூடி, அங்கீகாரம் பெற்ற வாங்குபவர், இவ்வளவு போதும்.

விவசாயப் பக்கம் சந்தேகம் வந்தால் மாதூர் வேளாண் அறிவியல் நிலையம், செருமாவிலங்கையிலுள்ள வேளாண் கல்லூரி, தொழில் கடன் பற்றி மாவட்டத் தொழில் மையம், இயந்திரம் பற்றித் திருவேட்டக்குடியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம். இவையெல்லாம் நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆய்வுக்கூடத்துக்கும் கொட்டகைக்கும் நடுவே பாலம் இல்லாததால் ஆம்பூர் கொடுத்த விலையை நாமும் கொடுக்க வேண்டாம். படி ஏறிக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

எல்லா மறுபயன்பாடும் நன்மையாகாது

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சிக்கனம் என்ற பெயரில் பிறருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது. அச்சடித்த செய்தித்தாளில் சூடான வடையை மடித்துக் கொடுப்பதும் மறுபயன்பாடுதான், ஆனால் மை உணவில் இறங்கும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. பழைய பேட்டரியைக் கொல்லையில் உடைத்து ஈயம் எடுப்பதும் மறுசுழற்சிதான், அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பூச்சிமருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதும் அப்படியே.

இரண்டாவது எச்சரிக்கை உண்மை பேசுவது. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டது. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். நனைந்த தானியத்தை வீசச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் நிலை தெரியும்படி வைத்து விற்கச் சொன்னார்கள். பழுதுபார்த்த மிக்சியைப் பழுதுபார்த்தது என்றே சொல்லி விற்போம். மறுசுழற்சி நூலில் நெய்த துணியைப் புதுநூல் என்று விற்க வேண்டாம். குறையைச் சொல்லி விற்கும் பொருளுக்கு விலை கொஞ்சம் குறையலாம், பரக்கத் குறையாது.

நீதிமன்றம் சொல்லுமுன்

சகோதரர்களே! ஆம்பூரும் திருப்பூரும் கற்றுக்கொண்டது வழக்கிலும் அபராதத்திலும் கடையடைப்பிலும். அந்தக் கல்விக்குக் கட்டணம் கட்டியவர்களில் அதிகம் பேர் கூலித் தொழிலாளர்களும், கிணறு இழந்த விவசாயிகளும். நம் கடைகள் சிறியவை. சிறியதாக இருக்கும்போதே பழக்கத்தை மாற்றுவது எளிது.

இந்த வாரம் ஒரு வேலை வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் அந்த நாற்பது பக்க நோட்டைத் தொடங்குவோம். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு ஒரே தெருவில் உள்ள நான்கைந்து கடைக்காரர்கள் உட்கார்ந்து நோட்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவருடைய கழிவு இன்னொருவருடைய தேவைப் பட்டியலில் இருக்கலாம். தனியாக முடியாததைச் சேர்ந்து செய்யுங்கள், ஒரு டிரம், ஒரு வண்டி, ஒரு கொட்டகை. மீனவச் சகோதரர்களையும் பக்கத்து விவசாயிகளையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பல் ஒன்றுதான்.

மறுமையில் நம் செல்வத்தைப் பற்றி எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்று கேட்கப்படும். முன்வாசல் கணக்கைக் காட்ட நம்மில் பலரும் தயாராக இருப்போம். பின்வாசல் கணக்கையும் வெட்கமில்லாமல் காட்டும் வியாபாரிகளாக வல்ல நாயன் நம்மை ஆக்குவானாக. நம் தண்ணீரையும் கடலையும் மண்ணையும் நம் பிள்ளைகளுக்குக் கெடாமல் விட்டுச்செல்லும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் நஸீபாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.